ஏழாம் வாய்க்கால் மூடப்படும்

நான் ஓய்வு பெற்று ஐந்து மாதமாகிறது. இன்றைக்கும் ஏதாவது கடை வாசலில் "ஞாயிற்றுக்கிழமைகளில் மூடப்படும்" என்று எழுதியிருக்கக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. அடுத்த கணம் சிரிப்பு வருகிறது. கூட வரும் மகள், "அம்மா, கடையைத்தான் மூடுகினம், வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

திட்டமிடல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என் பிரியாவிடை நாளில் இந்தக் கதையைக் கேட்டீர்கள். கேக் வெட்டுகிற அவசரத்தில் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு தேநீர் நேரத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறீர்கள் என்று கேள்வி. ஒரு கதையில் நான் மேசைக்கடியில் ஒளிந்திருந்தேனாம். ஒளியவில்லை. ஒளிய இடம் தேடினேன், அவ்வளவுதான். ஆகவே முழுவதையும் எழுதித் தருகிறேன். வரைபட மென்பொருள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சட்டப் பிரிவுகளையும் பல்கலைக்கழகத்தில் படித்திருப்பீர்கள். அவை இரண்டிலும் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பிரதேச சபைக்குக் கட்டட அனுமதி கேட்டு ஒருவர் வந்தால் அவருக்குக் கதிரை கொடுத்து, தேநீர் கொடுத்து, குடும்பத்தையும் விசாரித்து அனுப்புவோம். கடைசிக் காலத்தில் கதிரை போதவில்லை. கிளிநொச்சிப் பக்கத்தில் இந்தப் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் நடந்ததை நீங்களே பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தீர்கள். வயலுக்குள் ஒரு திருமண மண்டபம், அதற்குப் பக்கத்தில் போன் கடை, போன் கடைக்குப் பின்னால் வங்கி, வங்கிக்குப் பின்னால் எருமை. எருமைதான் அங்கே முதலில் வந்தது. ஆனால் அதனிடம் அனுமதிப் பத்திரம் இல்லை.

அதுவரை நகரத் திட்டம் என்றால் கொழும்பில் வரைந்து, சுருட்டி, குழாய்க்குள் போட்டு அனுப்பப்படும் ஒரு சாமான். நாங்கள் அதை விரித்துப் பார்ப்போம், பெருமூச்சு விடுவோம், அலுமாரிக்கு மேலே வைப்போம். முதல் தடவையாக, நாங்களே வரைவோம், சனத்துக்குக் காட்டுவோம், அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்துவோம் என்று சபை முடிவெடுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வரைபடம் அச்சாகி வந்த அன்று அதைச் சுருட்டவே மனம் வராமல், விரித்தபடி இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லிக் கூட்டுறவு மண்டபம்வரை நடத்திக் கொண்டுபோனேன். கல்யாண ஊர்வலம் மாதிரி இருந்தது.

வயல் பச்சை. வீடுகள் மஞ்சள். கடை, வங்கி, சந்தை வரப்போகும் இடங்கள் சிவப்பு. உலகம் முழுவதும் அப்படித்தான் என்று புத்தகத்தில் இருந்தது.

மண்டபத்தில் தொங்கவிட்ட மூன்றாம் நாள், ஏழாம் வாய்க்காலின் கடைசிப் பக்கத்து வயல்களுக்குள் ஒருவரும் இறங்குகிறார்கள் இல்லை என்று தகவல் வந்தது. சிறுபோகத்துக்குச் சேற்றுழவு நடக்கிற நேரம். என்ன வேலைநிறுத்தமோ என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வரம்பில் லெட்சுமி அக்கா நின்றார். அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். வாய்க்காலின் ஆகக் கடைசி வயல் அவருடையது. ஆகவே எல்லோரும் எடுத்து மிஞ்சும் தண்ணீர்தான் அவருக்கு.

"எப்ப மேடம் திரும்பப் போட்டாங்க?" என்று கேட்டார்.

"எதை அக்கா?"

"அதான். படத்துல செவப்பா காட்டியிருக்கீங்களே."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. லெட்சுமி அக்கா எட்டு வருடம் மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்தவர். சிவப்புத் தலை போட்ட தடி நட்டிருந்தால் அதற்கு அப்பால் கால் வைக்கக்கூடாது. வெள்ளைத் தடி என்றால் துப்புரவாக்கிய இடம், நடக்கலாம். அந்த ஊரில் பாதிப் பெண்கள் அந்த வேலை செய்தவர்கள். மீதிப் பாதி அந்தத் தடிகளைப் பார்த்துப் பார்த்து நடந்தவர்கள். அவர்களுடைய வயலுக்கு மேல் நான் சிவப்பு மையைக் கொட்டி, பொது மண்டபத்தில் தொங்கவிட்டு, கருத்துக் கேட்டிருக்கிறேன்.

அது வங்கி வருகிற சிவப்பு என்று சொன்னேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வயலுக்குள் இறங்கி நடந்து காட்டினேன். ஏழாவது அடியில் முழங்கால்வரை புதைந்துபோனேன். வெடி இல்லை என்பது நிரூபணமாயிற்று. என்னை வெளியே எடுக்க லெட்சுமி அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் தேவைப்பட்டார்கள். இழுத்த நேரம் முழுக்க அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஒரு கால் கொலுசு இன்னும் அந்த வயலுக்குள்தான் இருக்கிறது.

மறுநாளே நிறத்தை மாற்றினோம். எங்கள் திட்டத்தில் கடைத்தெரு கத்தரிப்பூ நிறத்தில் இருப்பது ஏன் என்று மாகாணத்திலிருந்து வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். காரணம் இதுதான், சொல்லிவிடுங்கள்.

நான் பெரிய பாடம் ஒன்று படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நிறத்தைத் திருத்திய கெட்டிக்காரி, இரண்டு மாதத்தில் சொல்லில் போய் விழுந்தேன்.

அதற்கு முன் வேறொருத்தி விழுந்தாள். ஏழாம் வாய்க்காலை உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். குடியேற்றத் திட்டம் போட்டவர்கள் வாய்க்கால்களுக்கு இலக்கம் கொடுத்தார்கள். வாய்க்காலின் ஒரு கரை காலப்போக்கில் வீதியானது. வீதிக்கும் அதே பெயர். வீதியோரம் எழுந்த ஊருக்கும் அதே பெயர். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், ஏழாம் வாய்க்காலுக்குள்ளே என்பார்கள். முன்பின் தெரியாதவர் கேட்டால் ஊரே தண்ணீருக்குள் குடியிருப்பதாக நினைத்துக்கொள்வார். நானும் அங்கேதான் குடியிருக்கிறேன்.

நகரம் வளர வளர அந்த ஒற்றைக் கரையில்தான் டிப்பர், பேருந்து, முச்சக்கர வண்டி, பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம். வாய்க்காலில், வயல்களுக்கு முறைவைத்துத் திறந்துவிடும் முறைத் தண்ணீர் ஓடுகிற ஒரு நாள், மாலை நான்கு மணி. என் மகள் உயர்தர வகுப்பு, ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மண் ஏற்றிய டிப்பர் ஒன்று பின்னால் வந்து ஹோர்ன் அடித்தது. அவள் கரைப்பக்கம் ஒதுங்கினாள். கரை அந்த இடத்தில் முடிந்துபோயிருந்தது. சைக்கிளோடு உள்ளே.

தண்ணீர் இடுப்பளவுதான். முழங்கையில் ஒரு கீறல். வீட்டுக்கு வந்தவள் படலை வாசலில் நின்றபடியே, சொட்டச் சொட்டச் சிரித்தாள்.

"அம்மா, கெமிஸ்ரி நோட் எல்லாம் கரைஞ்சு போச்சு. இனிக் குடிச்சுத்தான் படிக்கோணும்."

நான் சிரிக்கவில்லை. அவளுக்கு மூன்று வயதில், யுத்தத்தின் கடைசி நாட்களில், அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரைக் கடந்திருக்கிறேன். அவளுக்கு அது நினைவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத இங்கே ஒன்றுமில்லை. நனைந்த பிள்ளையைப் பார்த்ததும் எனக்கு இடுப்பளவுக்கும் நெஞ்சளவுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அடுத்த நாள் அளவு நாடாவோடு வாய்க்காலில் நின்றேன். அலுவலகத்துக்கு வந்து பென்சிலால் வரைந்தேன். மதகு தொடங்கி மதகுவரை வாய்க்காலுக்கு மேலே கொங்கிறீட் மூடி. அதற்கு மேலே அகலமான வீதி. பிள்ளைகள் விழ இடமே இல்லை. அது சரிவராது என்று எனக்கே தெரியும். மூடிய வாய்க்காலில் மண் அள்ள முடியாது. இரண்டு மாரியில் அடைத்துக்கொள்ளும். கடைசி வயலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. தெரிந்துகொண்டே வரைந்தேன். வரைந்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். சனத்துக்குக் காட்டிவிட்டோம், கருத்தும் கேட்டுவிட்டோம், இனி ஒரு சின்னத் திருத்தமாக அடுத்த கூட்டத்தில் உள்ளே நுழைத்துவிடலாம் என்று யோசனை. சனத்தைக் கேட்டு வரைந்த முதல் திட்டம் என்று ஊர்வலம் போனேனே, அதே நான்தான்.

இதற்கிடையில், இடிந்த கரையைக் கட்டவும் ஒரு மதகைத் திருத்தவும் மூன்று நாளைக்கு வீதியை மூடுவதென்று சபை முடிவு செய்தது. அறிவித்தல் எழுத வேண்டும். மகள் ரியூசன் முடிந்து வந்துவிட்டாளா என்று கைபேசியைப் பார்ப்பதும் எழுதுவதுமாக ஒரு துண்டுக் கடதாசியில் கிறுக்கிக் கொடுத்தேன். அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் சுகி படித்துப் பார்த்தாள்.

"அக்கா, வீதி எண்டு ஒரு சொல்லும் காணேல்லையே?"

"ஏழாம் வாய்க்கால் எண்டால் எல்லாருக்கும் விளங்கும், நீ அடி" என்றேன்.

அவள் அடித்தாள். வியாழக்கிழமை பின்னேரம் பலகையிலும் முகநூலிலும் வந்தது இதுதான்: "ஏழாம் வாய்க்கால் எதிர்வரும் திங்கட்கிழமை முதல் மூடப்படும் என்பதைப் பொதுமக்களுக்கு அறியத் தருகின்றோம். அசௌகரியத்துக்கு வருந்துவதுடன், மாற்று வழியைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கின்றோம்."

மூன்று நாட்களுக்கு என்ற சொல்லும் இல்லை. எல்லோருக்கும் விளங்கத்தான் விளங்கியது. அந்த வாரம் நெற்பயிர் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் வெளியே வரமுன் தண்டுக்குள் திரண்டிருக்கும் நேரம். அந்த நேரத்தில் ஒரு முறைத் தண்ணீர் தவறினால் போகம் முழுவதும் பதர்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குள் கால் வைக்கமுன் தொலைபேசி அடித்தது. கனடாவிலிருந்து ஒரு ஐயா. ஏழாம் வாய்க்காலில் குளித்து வளர்ந்தவராம். யாரைக் கேட்டு அதை மூடுகிறீர்கள் என்றார். வாய்க்கால் அல்ல ஐயா, வீதி என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீதியை மூடினால் வாய்க்காலுக்கு எதால போறது?" என்று கேட்டார். அவருடைய அழைப்பை வைக்க லண்டன் அழைத்தது. லண்டனை வைக்கமுன் தரையில் ஒரு அதிர்வு. யன்னலால் எட்டிப் பார்த்தேன். இரண்டு சக்கர உழவு இயந்திரங்கள், பின்னால் இழுவைப் பெட்டி கொளுவி, பெட்டிக்குள் ஆட்கள், ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டியவரை. வாய்க்காலை மூடக்கூடாது என்று வந்தவர்கள் வந்த வேகத்தில் வீதியை முழுக்க மூடிவிட்டார்கள். திங்கட்கிழமைக்கு வேலையே வைக்கவில்லை.

சபைக்குத் தலைமை வகிக்கும் தவிசாளருக்கு அந்தக் கணத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டம் இருப்பது நினைவுக்கு வந்தது. பின்வாசலால் போனார். போக வீதி இல்லாததால் திரும்பி வந்து தன் அறைக்குள் இருந்தார். நான் ஒளிய இடம் தேடியதும் அப்போதுதான். அலுமாரிக்குப் பின்னால் சுகி முதலே நின்றாள்.

வெளியே போனேன். விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர் அறிவித்தலைப் பலகையிலிருந்து பிய்த்துக் கையில் வைத்திருந்தார். அவருடைய தகப்பன் வடமராட்சியிலிருந்து காட்டை வெட்டிக் குடியேற வந்தவர். அந்த வாய்க்காலை வெட்டிய கைகளில் தகப்பனுடையதும் ஒன்று என்று மாதம் ஒரு தடவையாவது எங்களுக்கு ஞாபகப்படுத்துவார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"மாற்று வழியைப் பயன்படுத்தட்டாம். ஏன் மிஸ், நெல்லுக்கு என்ன மாற்று வழி? ஓட்டோ பிடிச்சு அனுப்புறதோ?"

நான் சொன்னேன், வீதி, வீதி, வெறும் வீதி, மூன்று நாள், மதகு. சொன்னதையே நாலு தடவை சொன்னேன். முதலில் முன்வரிசைக்கு விளங்கியது. அவர்கள் பின்னுக்குத் திரும்பிச் சொன்னார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. கடைசி இயந்திரத்தில் இருந்தவர் எல்லோரும் சிரித்து முடிந்த பிறகு தனியாகச் சிரித்தார். தலைவரும் கண்ணாடியைக் கழற்றினார். தவிசாளர் வெளியே வந்து எல்லோருக்கும் பிளேன்ரீ என்றார். தப்பிவிட்டேன்.

அப்போதுதான் லெட்சுமி அக்கா கூட்டத்துக்குள்ளிருந்து முன்னுக்கு வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"ரோடு தான், சரி மேடம். போன மாசம் நீங்க வாய்க்காலுக்குக் குறுக்க டேப் புடிச்சு அளந்தீங்க. நான் வயல்ல இருந்து பாத்தேன். ரோட்ட மூட, வாய்க்கால எதுக்கு அளக்கணும்?"

பிள்ளைகளே, இந்தக் கதையில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பிய நிமிடம் இதுதான். மற்றதெல்லாம் சிரிக்க. நிலத்தில் கிடக்கும் ஒரு கம்பியின் நுனியைப் பார்த்து எட்டு வருடம் உயிரோடு வேலை செய்த பெண்ணின் கண் அது. வழமையான அளவை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சனம் சிரித்துக்கொண்டிருந்தது, தேநீர் வந்துகொண்டிருந்தது, எல்லோரும் என்னை நம்பியிருப்பார்கள். அவர் மட்டும் நம்பியிருக்கமாட்டார். பிறகு அடுத்த கூட்டத்தில் நான் அந்தத் திருத்தத்தை நுழைப்பேன், அவருடைய வயல் காயும். காய்வது வெளியே தெரியவே இரண்டு மாரி எடுக்கும், அதற்குள் நான் ஓய்வு பெற்றிருப்பேன்.

உள்ளே போனேன். லாச்சியைத் திறந்து பென்சில் படத்தை எடுத்து வந்து தலைவரின் கையில் கொடுத்தேன்.

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மற்றக் கையிலிருந்த அறிவித்தலைப் பார்த்தார்.

"அப்ப நோட்டீஸ் பிழை இல்லை" என்றார் மெதுவாக. "நோட்டீஸ்தான் உண்மையைச் சொல்லியிருக்கு."

வந்த தேநீரை ஒருவரும் எடுக்கவில்லை. நிறுத்திய இயந்திரம் ஒன்றை யாரோ திரும்ப இயக்கினார்கள். சத்தம் எல்லாப் பக்கத்தாலும் வந்தது. எங்களைக் கேட்டு வரைகிறோம் என்றீர்களே, கேட்டது எதற்கு, படம் காட்டவா. அவர்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பிழை இல்லை.

"என்ர பிள்ளை விழுந்தவள்" என்றேன். "சைக்கிளோட. எனக்குப் பயமாக் கிடக்கு. பயத்தில கீறினது."

உத்தியோகத்தர் ஒருவர் சனத்துக்கு முன்னால் சொல்லக்கூடாத வசனம் அது. சத்தம் கொஞ்சம் தணிந்தது. பெட்டிக்குள் இருந்த ஒருவர், தன் பெண்பிள்ளையும் போன வருடம் அந்த இடத்திலேயே விழுந்தாள் என்றார். இன்னொருவர் மனைவி ஸ்கூட்டியோடு. வேறொருவர், தலைவரும் தீபாவளி அன்று மோட்டார் சைக்கிளோடு போனவர்தானே என்று நினைவுபடுத்தினார். அது மண் வழுக்கியது என்றார் தலைவர். மண் மட்டுமோ என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலைவர் திரும்பிப் பார்த்தார், குரலுக்குச் சொந்தக்காரர் இல்லை. கணக்கெடுத்துப் பார்த்தால் அந்த முற்றத்தில் நின்ற குடும்பங்களில் விழாத குடும்பம் இல்லை. வாய்க்கால் இல்லாமல் ஒரு வீட்டுக்கும் சோறில்லை என்பதும் அதே அளவு உண்மை.

லெட்சுமி அக்கா படத்தை வாங்கி உழவு இயந்திரப் பெட்டியின் மேல் விரித்தார். அவருக்கு வரைபடம் பார்க்கத் தெரியும், எங்கள் தவிசாளரைவிட நன்றாகவே. வீதிக் கரையில் நான் கீறியிருந்த கோடுகள், அம்புக்குறிகள், அளவுகள் எல்லாவற்றையும் தாண்டி, அவருடைய விரல் வாய்க்காலின் அடுத்த பக்கத்தில் போய் நின்றது.

"இந்தப் பக்கம் ஏன் மேடம் வெள்ளையா விட்டிருக்கீங்க?"

அங்கே நான் ஒன்றும் வரையவில்லை. வயற்பக்கத்துக் கரை. நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியது, எங்கள் சபைக்குச் சேராது. உழவுக்கும் வெட்டுக்கும் மட்டும் இயந்திரம் போகும் மண் பாதை. ஆகவே என் கடதாசியில் அது வெறும் வெள்ளை.

"வெள்ளைன்னா நடக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் பெட்டிமேல் குனிந்து அந்த வெள்ளையைப் பார்த்தேன். டிப்பரும் பேருந்தும் இந்தக் கரையால் போகட்டும், நடப்பவர்களும் சைக்கிளும் அந்தக் கரையால் போகட்டும். நடுவில் வாய்க்கால் தன்பாட்டுக்கு ஓடட்டும். கடக்க இரண்டு சின்னப் பாலம். பதினைந்து வருடம் அந்த வீதியால் போய் வந்தவள் நான், அந்த வீதியிலேயே குடியிருப்பவள், ஒரு தடவைகூட வாய்க்காலுக்கு மற்றக் கரை ஒன்று உண்டு என்று யோசித்ததில்லை. அந்தக் கரையில் நடந்துகொண்டிருந்தவர்களுக்கு அது தெரியும். அவர்களை ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எந்தக் கலர் பிடிக்கும் என்றுதான் கேட்டோம்.

தலைவருக்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. அவருடைய வைக்கோல் குவியல் முழுவதும் அந்தக் கரையில்தான்.

"வைக்கலை எடுத்தால் என்ர மாடு எதைத் தின்னுறது?" என்றார்.

"மாற்று வழியைப் பயன்படுத்தச் சொல்லுங்கோ அண்ணை" என்றது பின்னாலிருந்து அதே குரல்.

அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் யாரும் எதையும் ஒழுங்காகப் பேச முடியவில்லை. தலைவரே பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சுகி அலுமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, ஆறிப்போன தேநீரை எல்லாம் சூடாக்கிக் கொண்டுவந்தாள். நான் ஒரு கோப்பையை எடுத்தேன். சிரிப்பில் கோப்பை சரிந்து பாதி தேநீர் பென்சில் படத்தில் சிந்தியது. சரியாக, நான் மூடி போட்டிருந்த இடத்தில்.

மீதி அலுவல்களை நீங்கள் கோப்பில் பார்க்கலாம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் கரையைப் பார்க்க வந்தபோது, இந்த யோசனையை யார் வரைந்தது என்று கேட்டார். யாரும் வரையவில்லை, நான் வரையாமல் விட்ட இடம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வீதி மூன்று நாளைக்கு, வெறும் வீதி மட்டும், மூடப்பட்டது. புது அறிவித்தலை ஒட்டமுன் சுகி அதை லெட்சுமி அக்காவுக்கு வாசித்துக் காட்டினாள். அவர் ஒரு வசனம் சேர்க்கச் சொன்னார். அதை முதல் வரியாகப் போட்டோம்: "வாய்க்காலில் தண்ணீர் வழமைபோல் ஓடும்."

அன்றிலிருந்து எங்கள் சபையில் ஒரு பழக்கம் இருக்கிறது. எந்த அறிவித்தலும் ஒட்டப்படமுன், அதனால் ஆகக் கூடுதலாக இழக்கப்போகிறவர் யாரோ அவரைத் தேடிப் போய் வாசித்துக் காட்ட வேண்டும். இதற்குச் சுற்றறிக்கை ஒன்றும் கிடையாது. நீங்கள் விட்டால் விட்டதுதான். தயவுசெய்து விடாதீர்கள். உங்கள் லாச்சிக்குள்ளும் ஒருநாள் ஒரு பென்சில் படம் இருக்கும். உங்களுக்கும் பிள்ளைகள் பிறக்கும், பயம் வரும், அந்தப் பயம் அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு உங்களுக்கு முன்னால் போகும். அதைக் கீறுங்கள், பரவாயில்லை. கீறினதை முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அந்தக் கரை இப்போது இறுக்கிய மண் பாதை. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை அடித்த கட்டைகள், வயலின் கடைசிவரை. கட்டை போடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் லெட்சுமி அக்காதான். அவருடைய வயல் அந்தப் போகம் நன்றாக விளைந்தது. கொலுசு அகப்படவில்லை.

போன கிழமை ஒரு பின்னேரம், முறைத் தண்ணீர் விட்ட நாள். ரியூசன் முடிந்து மகள் கைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, நான் வாய்க்காலுக்குள்ளால வாறன்."

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். "எதுக்குள்ளால?"

"ஐயோ அம்மா. கரையால."

"எந்தக் கரை?"

அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சைக்கிள் சங்கிலியின் கடகடப்பும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டது. "வெள்ளை அம்மா, வெள்ளை" என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே படலையில் போய் நின்றேன். அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்ததும், குனிந்து அவளுடைய சட்டை விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.